பவளத் தொட்டியும் அழகர் பார்க்க வந்தவர்களும்

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள். காலை ஆறு மணிக்கே மொட்டை மாடித் தரையில் சூடு. காற்று பேருக்குக்கூட இல்லை.

ஹால் தொட்டி, காலை 6: pH 8.15. காரத்தன்மை 8.4. கால்சியம் 420. உப்பு 35. வெப்பம் 26.5.

பதிமூன்று மாதமாகக் காரத்தன்மை 8.2-க்குக் கீழே போனதில்லை, 8.6-க்கு மேலே ஏறியதில்லை. இருநூற்று ஐம்பது லிட்டர் கடல் தண்ணீரை, கடல் இல்லாத ஊரில், ஒரே நிலையில் வைத்திருப்பது என்றால் என்ன என்று கல்லூரியில் ஒருவனுக்கும் தெரியாது. தெரிந்தாலும் என்ன. எனக்கு ஏழு வருடம் ஜூனியர் கெமிஸ்ட்ரி துறைத் தலைவர் நாற்காலியில். பியூரெட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவனுக்கு இன்னும் சந்தேகம்.

ஜெனியா நன்றாக இருக்கிறது. விரல்களை மூடித் திறந்து, மூடித் திறந்து. நிமிடத்துக்கு 34 தடவை, எண்ணினேன். சுண்டு விரல் அளவுக்கு வாங்கிய மென்பவளம். இப்போது இரண்டு கை அகலம். போன வருடம் வைத்திருந்தது ஒரே நாளில் கரைந்து சளியாகப் போனது. pH இறங்கியதைக் கவனிக்கவில்லை. இந்த முறை அப்படி விடுவதாக இல்லை.

செய்ய வேண்டியவை:
மீட்டர் முனை கழுவ.
ஆர்.ஓ. ஃபில்டர் மாற்ற.
ஜாபர் பாய் கடையில் கடல் உப்பு ஒரு வாளி.
பாய் நாலு, தலையணை உறை (செல்வி).

கடைசி வரிதான் கவலை. சித்திரைத் திருவிழா. என் மனைவி செல்வியின் வீட்டார் நாளை முதல் வருகிறார்கள். வண்டியூரில் வீடு வாங்கியது என் தவறு. அழகர் இங்கே வருவார், அதனால் அவர்களும் வருவார்கள்.


மே 8, வியாழன்

மீனாட்சி கல்யாணம். வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தாலிக்கயிறு மாற்று. வீடு முழுக்க மஞ்சள் வாசனை.

வந்தவர்கள்: செல்வியின் தம்பி முருகேசன், அவன் மனைவி, இரண்டு பெண்கள். செல்வியின் சித்தி பேச்சியம்மாள், உசிலம்பட்டியிலிருந்து. சித்தி மகன், மருமகள்.

மாடியில் படுக்க ஏற்பாடு செய்திருந்தேன். செல்வி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "மீனுக்கு ஏசி, எங்க ஆளுகளுக்கு மொட்டை மாடியா?"

தண்ணீர் 27-ஐத் தாண்டக் கூடாது என்பதற்காகத்தான் ஹாலில் ஏசி. நாள் முழுக்க ஓடுகிறது. தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி வாங்க வசதியில்லை. இதை எத்தனை முறை விளக்குவது. ஏழு பேரும் ஹாலில். குளிர் வெளியே போகக் கூடாது என்று கதவிடுக்கில் துணி சுருட்டி வைத்தாள் செல்வி. அது மட்டும் நல்ல யோசனை. [பின்னால் சேர்த்தது: இல்லை.]

முருகேசனிடம் இரண்டு வார்த்தை பேசினேன். வந்தியா, சாப்பிட்டியா. அதற்கு மேல் வரவில்லை. மூன்று வருடம் முன்பு, அவன் மூத்த பெண்ணின் காதுகுத்தில், பந்தியில், இலை போட்டு இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது சொன்னான்: "எங்க மாமா பாடம் எடுத்தா பயலுக தூங்குறாய்ங்க. அதான் கண்ணை மூடத் தெரியாத மீனாப் பாத்து வாங்கி வச்சுப் பாடம் எடுக்குறாரு." பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவன் முகம்கூட நினைவிருக்கிறது.

இந்த நோட்டின் பின்பக்கம் ஒரு பட்டியல் இருக்கிறது. மு. அதில் மூன்றாவது.

மாலை 6: pH 8.2. சரி.


மே 9, வெள்ளி

தேரோட்டம். எல்லாரும் விடியும் முன்னே கிளம்பிப் போய்விட்டார்கள். வீடு அமைதி.

காலை 6: pH 7.92.

நம்பவில்லை. மீட்டரை pH தெரிந்த இரண்டு திரவத்திலும் வைத்துச் சரிபார்த்தேன். மீட்டரில் பிழையில்லை. மறுபடியும் 7.92.
காரத்தன்மை 8.4. கால்சியம் 420. உப்பு 35.

ஜெனியா மெதுவாக. நிமிடத்துக்கு 19.

ஏதோ செத்து அழுகியிருக்குமோ? டார்ச் அடித்துப் பாறை இடுக்கெல்லாம் பார்த்தேன். மீன்கள் நாலும் உண்டு, நத்தைகள் உண்டு. ஒன்றும் அழுகவில்லை.

மாலை 6: 8.08. பகலில் வீட்டில் ஆள் இல்லாதபோது தானாகவே ஏறியிருக்கிறது. அதாவது ஆள் இருக்கும்போது ஏதோ நடக்கிறது.


மே 10, சனி

காலை 6: pH 7.84. காரத்தன்மை 8.4.
ஜெனியா 11.

தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அடியில் வெல்லப் பாகு மாதிரி பழுப்பாக. முகர்ந்து பார்த்தேன். பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு. பந்தலில் கொடுப்பது. எலுமிச்சை என்றால் அமிலம். pH இறங்காமல் என்ன செய்யும்.

முருகேசன் பல் விளக்கிக்கொண்டு வந்தான். எல்லாரும் ஹாலில்தான், காபி குடித்துக்கொண்டு.

"மாப்ள, இதுல என்ன ஊத்துன?"

"எதுல?"

"தொட்டியில. டம்ளரு இங்க எப்படி வந்துச்சு?"

"எனக்கு எப்படி மாமா தெரியும்?"

"உனக்குத் தெரியாது. மீனு குடிக்குதான்னு பாத்திருப்ப. நாலு பேரு சிரிப்பாங்கள்ல."

"மாமா, நான் அந்தப் பக்கமே போகலை."

"உன் பிள்ளைகளைக் கேளு அப்ப."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. காதுகுத்து, பந்தி, பாயசம், எல்லாம் வந்தது. சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். மு. மனைவி கொடியில் கிடந்த துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். ஈரத் துணியையும் சேர்த்து.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மு. சொன்னான்: "உங்க மீன் தண்ணியக் கெடுத்துப்புட்டோம்னு போலீஸ்ல எழுதிக் குடுங்க மாமா. கப்பலூர்லதான் இருப்பேன்."

அழகர் ஆற்றில் இறங்க இன்னும் இரண்டு நாள். அதைப் பார்க்காமல் போகிறான்.

செல்வி என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது.


மே 11, ஞாயிறு

காலை 6: pH 7.97. ஏறியிருக்கிறது!
ஜெனியா 20.

அவன் போன மறுநாளே ஏறுகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும். செல்வியிடம் மீட்டரைக் காட்டினேன். "எனக்கு அந்த நம்பர்லாம் தெரியாது. என் தம்பியைத் தெரியும்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

நிம்மதியான பகல். தொட்டி முன்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஜோடி மீன் இரண்டும் ஒரே பாறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. முட்டை இடுமோ.

மதியத்திலிருந்து ஆள் வரத்து. நாளை அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க. சித்தியின் கொழுந்தன் வீட்டார், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். ஹாலில் பதினாறு பேர். கால் வைக்க இடமில்லை. தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினேன். ஒரு பெரியவர் கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டார்.


மே 12, திங்கள்

மூன்றரை மணிக்கே எல்லாரும் ஆற்றுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் போகவில்லை.

காலை 6: pH 7.70.

முருகேசன் இல்லை. டம்ளர் இல்லை. கயிறு கட்டியபடியே இருக்கிறது. 7.70.

ஜெனியா நின்றுவிட்டது. விரல்கள் சுருங்கித் தொங்குகின்றன. போன வருடம் கரைவதற்கு முந்தின நாள் இப்படித்தான் இருந்தது.

ஜாபர் பாய்க்கு போன். கடை அடைப்பு, ஆனால் எடுத்தார்.

"பாய், 7.7. சோடா போடப் போறேன்."

"காரம் எம்புட்டு சார்?"

"8.4."

"அது நல்லாத்தானே இருக்கு. சார், நீங்க கெமிஸ்ட்ரி, நான் எட்டாங்கிளாஸ். கோவிக்காதீங்க. ரெண்டு நாளு கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க."

கோவித்துக்கொண்டேன். எனக்குச் சொல்லித்தர இவரும் வந்துவிட்டார்.

சமையலறையிலிருந்து ஆப்ப சோடா எடுத்து வாணலியில் வறுத்துக் கார்பனேட் ஆக்கினேன். ஏழு கிராம் கரைத்து ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் pH 7.95. அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி 7.8. மாலையில் இன்னொரு ஏழு கிராம். அதே கதை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

செல்வி அடுப்படியில் சித்தியிடம்: "ஆப்ப சோடாவை எம்புட்டு எடுத்திருக்காருன்னு பாருங்க சித்தி. ஊருக்கே பஜ்ஜி போடலாம்."


மே 13, செவ்வாய்

காலை 6: pH 7.81. காரத்தன்மை 11.4.

11.4. பதிமூன்று மாதத்து உழைப்பு. ஒரே நாளில் நானே.

தண்ணீரில் வெள்ளைப் பொடி மிதக்கிறது. ஜெனியாவில் இடது பக்கம் கரைந்துவிட்டது. ஒரு கை அகலம் சளி. சைஃபன் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தேன். வலது பக்கம் இன்னும் நிற்கிறது, அசையாமல்.

ஞாயிறு வந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். சித்தி மட்டும் நாற்காலியில், நெற்றியில் தைலம்.

"ஏன் மாப்ளே, இந்த ஹாலுல படுத்தா விடியக் காலம் தலை கல்லாக் கனக்குதே. மூச்சு முட்டுது. ஏசின்னா இப்படித்தானா?"

வாளியைக் கீழே வைத்தேன்.

பதினாறு பேர். சன்னல் சாத்தி, கதவிடுக்கில் துணி. உள்ளே இருக்கிற காற்றையே ஏசி திருப்பித் திருப்பிக் குளிர வைக்கிறது. பதினாறு பேர் விட்ட மூச்சு முழுக்க அந்த ஹாலிலேயே. கரியமில வாயு. தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். pH இறங்கும். காரத்தன்மை ஒரு துளிகூட மாறாது. இருபத்தாறு வருடமாக இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கிற பாடம்.

நோட்டில் முந்தின பக்கங்களைப் புரட்டினேன். ஒன்பதாம் தேதி 8.4. பத்தாம் தேதி 8.4. பானகம் ஊற்றியிருந்தால் அமிலம் முதலில் காரத்தைத்தான் தின்றிருக்கும். இருநூற்று ஐம்பது லிட்டரில் ஒரு டம்ளர் பானகம் எதையும் அசைக்காது என்பது வேறு. என் கையெழுத்திலேயே, அன்று காலையே, அவன் நிரபராதி என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கத்தியிருக்கிறேன். அவன் போனதும் pH ஏறியதும் சரிதான். நாலு பேர் குறைந்தார்கள்.

ஆனாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது. தொட்டித் தண்ணீர் இரண்டு வாளி. ஒன்று மாடிப்படி நிழலில், வெளிக்காற்றில். ஒன்று ஹாலில். இரண்டிலும் காற்றுக் குமிழ் விடும் கல், ஒரு மணி நேரம்.

மாடி வாளி: 8.36.
ஹால் வாளி: 7.88.

வேறு எதுவும் வேண்டாம்.

சித்தி படியேறி வந்து வாளியைப் பார்த்தார். "எதுக்கு மாப்ளே தண்ணியக் காயப் போட்டிருக்கீக?" சொன்னேன். முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அந்த டம்ளரு நான் வச்சது" என்றார். "பல்லு செட்டைக் கழட்டிப்புட்டுக் குடிச்சேன். டம்ளரை அங்கனயே வச்சுட்டேன். நீங்க கத்துன கத்துல எனக்கு வாயே எந்திரிக்கல."

ஏசியை நிறுத்தி எல்லாச் சன்னலையும் திறந்தேன். வெப்பம் 28.5. பரவாயில்லை.


மே 14, புதன்

காலை 6: pH 8.21. காரத்தன்மை 11.2. சோடா கிடையாது. அமிலமும் கிடையாது. தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு இறக்கினால் மிச்சமிருப்பதும் போகும்.

மு.-வுக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை.

ஜாபர் பாய் கடை. "உப்பு வாளியா சார்?"

"டியூப். எட்டு மீட்டர்."

"எட்டு மீட்டரா? மீனுக்கு குளுக்கோஸ் ஏத்தப் போறீங்களா?"

ஏசி குழாய் போகும் சுவர் ஓட்டை வழியாக டியூபை வெளியே விட்டு, தொட்டியின் காற்றுப் பம்பு இனிமேல் வெளிக்காற்றை இழுக்கும்படி செய்தேன். அரை மணி நேர வேலை. சன்னல் சாத்திக்கொள்ளலாம், ஏசியும் ஓடலாம். முதல் நாளே யோசித்திருந்தால்.

சோடா போட்டதைப் பாயிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. டியூப் வாய்க்கு ஒரு சின்ன வலை கொடுத்தார், பூச்சி போகாமல் இருக்க. காசு வாங்கவில்லை.


மே 16, வெள்ளி

கப்பலூர் போனேன். பஸ்ஸில் அனல். மு. வேலை பார்க்கும் லேத் பட்டறை தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில். உள்ளே நாலு பேர், நாலு மெஷின். என்னைப் பார்த்தான். மெஷினை நிறுத்தவில்லை.

"மாப்ள, நீ ஒண்ணும் ஊத்தலை."

"என்னா?"

"நீ ஒண்ணும் ஊத்தலைங்குறேன்!"

"கேக்கலை மாமா!"

"தப்பு என்னோடது! கார்பன் டை ஆக்சைடு!"

சரியாக அந்த நேரத்தில் மெஷினை நிறுத்தினான். கடைசி வார்த்தை பட்டறை முழுக்கக் கேட்டது. மற்ற மூன்று பேரும் திரும்பினார்கள்.

விளக்கினேன். மூச்சு, மூடிய ஹால், வாளி இரண்டு, 8.36, 7.88. கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப நாங்க மூச்சு விட்டதுதான் குத்தமா?"

"உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"காலேஜ் வாத்தியாரு."

"ஆமா."

டீ வாங்கி வரச் சொன்னான். வந்தது. குடித்தோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"மாமா, டீ வேற, அது வேற" என்றான். "எங்க ஆளுகளுக்கு முன்னாடிதான கேட்டீங்க? எம் பொண்டாட்டி ஈரத்துணியோட பஸ்ல வந்தா. சின்னவ, நான் மீனக் கொன்னுட்டேனாப்பான்னு இன்னமும் கேக்குறா. இங்க இந்தப் பயலுக முன்னாடி சொல்லி என்ன பிரயோசனம்? அந்த நாலு பேரு முன்னாடி சொல்லுங்க."

"வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க."

"அடுத்த ஞாயிறு வாரேன். இந்த வாரம் ஓவர்டைம்."

திரும்பும் பஸ்ஸில் கோபம் வந்தது, ஒரு காரணமும் இல்லாமல். திருப்பரங்குன்றம் தாண்டும்போது இறங்கிவிட்டது. அவன் கேட்டது நியாயம். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அத்தனை பேரிடமும் இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன், இருநூறு பேர் முன்னால்.

மாலை 6: pH 8.27. காரத்தன்மை 10.6. ஜெனியா அசைவில்லை, ஆனால் கரையவும் இல்லை.


மே 19, திங்கள்

நேற்று மாலை மழை. புழுதி அடங்கியது.

pH 8.24. காரத்தன்மை 9.9. இருபது லிட்டர் தண்ணீர் மாற்றினேன்.

ஜெனியா, வலது ஓரம், ஒரு தண்டு மட்டும். நிமிடத்துக்கு 6. மூன்று முறை எண்ணினேன். ஆறுதான். செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கரண்டியோடு வந்தாள். ஒரு நிமிடம் முழுதாக நின்று அவளும் எண்ணினாள்.

"ஏழு" என்றாள்.

இந்த வாரத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.


மே 25, ஞாயிறு

காலை: pH 8.22. காரத்தன்மை 8.9.

வந்தார்கள். மு. குடும்பம், சித்தி, சித்தி மகன், மருமகள். அன்று ஹாலில் இருந்த எல்லாரும். செல்வி கறிக்குழம்பு.

சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். காலையிலிருந்து மனதுக்குள் எழுதிப் பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. இலை போட்டாகிவிட்டது. நின்றுகொண்டே சொன்னேன். முருகேசன் எதுவும் செய்யவில்லை, பிள்ளைகள் எதுவும் செய்யவில்லை, நான் சொன்னது பொய், காரணம் தெரிந்த பிறகும் கப்பலூர் போக மூன்று நாள் ஆக்கிவிட்டேன், தப்பு. மு. மனைவியைப் பார்த்து ஒரு முறை தனியாக. "குழம்பு ஆறுது, உக்காருங்கண்ணே" என்றாள்.

சின்னப் பெண் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது மாதிரி. "மாமா, நான் ராத்திரி மூச்சு விடலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மு. அதிகமாக. நானும். சாப்பிட்டதும் அவளை டியூப் பக்கம் கூட்டிப்போய் வெளிக்காற்று உள்ளே வரும் வழியைக் காட்டினேன். சுவர் ஓட்டையில் டியூபைச் சுற்றி சிமென்ட் பெயர்ந்திருப்பதை மு. பார்த்தான். "என்ன மாமா, எலி கடிச்ச மாதிரி வேலை பாத்திருக்கீங்க" என்று அவனே வெள்ளை சிமென்ட் வாங்கி வந்து பூசினான்.

பின்பக்கப் பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவது பெயரை அடிக்கவில்லை. அவன் அன்று பந்தியில் சொன்னது சொன்னதுதான். அது வேறு, இது வேறு.

தங்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன். ஏசி ஹாலில் பாய் விரித்தாகிவிட்டது.


மே 26, திங்கள்

காலை 6. எல்லாரும் இன்னும் தூக்கத்தில். கால்களைத் தாண்டித் தாண்டித் தொட்டிக்குப் போனேன். நோட்டில் இன்று முதல் புதிதாக ஒரு கட்டம்.

pH 8.06.
காரத்தன்மை 8.7.
கால்சியம் 415.
ஜெனியா 23.
ஹாலில் ஆட்கள்: 9 (நானும் செல்வியும் சேர்த்து).
சேர்த்தது: ஒன்றுமில்லை.